பரணில் கிடந்த 8 மி.மீ. சுருள்கள்: ஓட்டிப் பார்ப்பதற்கு முன் முகர்ந்து பாருங்கள்

இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய உங்கள் பெரியப்பாவின் திருச்சி வீட்டுப் பரணில், ஒரு டிரங்குப் பெட்டிக்குள் 43 ஃபிலிம் சுருள்களும் ஒரு புரொஜெக்டரும் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலானவை படம் அச்சிட்ட அட்டைப் பெட்டியில் கடையில் விற்ற சினிமாச் சுருக்கங்கள். சில, மஞ்சள் பெட்டியில் பேனாவால் ஊர்ப் பெயரும் ஆண்டும் எழுதிய சிறு சுருள்கள். இரண்டு மட்டும் பெரிய தகர டப்பாவில் இருக்கின்றன. சிலவற்றில் காடி (வினிகர்) நாற்றம் வருகிறது, சிலவற்றில் படம் முழுவதும் சிவந்துவிட்டது என்கிறீர்கள். வீட்டில் வைத்திருந்தால் தீப்பிடிக்கும் என்று ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார், நல்ல விலைக்குப் போகும் என்று இன்னொருவர் ஆசை காட்டியிருக்கிறார். ஓட்டிப் பார்க்கலாமா, டிஜிட்டலாக்கிவிட்டுத் தூக்கிப்போடலாமா, விற்கலாமா, வைத்துக்கொள்வதென்றால் எப்படி என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இவற்றில் எந்தச் சுருளுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்ற நான்கும் ஏறக்குறைய தாமாகவே முடிவாகிவிடும்.

கல்லூரிக் காலத்தில் ஒரு திரைப்படச் சங்கத்துக்கு 16 மி.மீ. புரொஜெக்டர் ஓட்டத் தொடங்கி, பிறகு அந்த இயந்திரங்களைப் பழுது பார்ப்பதையே முப்பது ஆண்டுகள் தொழிலாகக் கொண்டவன் நான். 8 மி.மீ. பிரதிகளைச் சேர்ப்பது அதன் பக்கவிளைவாக வந்த பழக்கம். நான் வேதியியல் படித்தவனல்லன். ஆவணக் காப்பகத்தில் பணியாற்றியவனும் அல்லன். ஆகவே கீழே எழுதுவதில் ஆய்வுகள் உறுதிசெய்தது எது, என் கை அனுபவம் மட்டும் எது என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன். உங்கள் சுருள்களை நேரில் பார்க்காமல் ஒவ்வொன்றின் நிலையையும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்களே பார்த்துத் தீர்மானிக்கும் வழியைத்தான் சொல்ல முடியும்.

தீப்பிடிக்கும் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். எளிதில் பற்றிக்கொண்டு, பற்றினால் அணைக்கவே முடியாமல் எரிவது நைட்ரேட் ஃபிலிம். அது திரையரங்குகளில் ஓடிய 35 மி.மீ. அகலத்தில் 1950களின் தொடக்கம் வரை புழங்கியது. வீட்டுக்குள் ஓட்டுவதற்கென்று வந்த அகலங்களோ, வீட்டில் தீ விபத்து நேரக்கூடாது என்பதற்காகவே பாதுகாப்பான அசிடேட் அடித்தளத்தில் (படத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் நாடாவில்) தயாரானவை. 1922இல் பிரான்சின் பாத்தே நிறுவனம் கொண்டுவந்த 9.5 மி.மீ., 1923இல் கோடாக் கொண்டுவந்த 16 மி.மீ., 1932இல் வந்த 8 மி.மீ., 1965இல் வந்த சூப்பர் 8 ஆகிய நான்குக்கும் இது பொருந்தும். உங்கள் தகர டப்பாக்களில் இருப்பதை மட்டும் ஒரு ஸ்கேலால் அளந்து பாருங்கள். 16 மி.மீ. என்றால் கவலை இல்லை. 35 மி.மீ. அகலமும் 1950களுக்கு முந்திய வயதும் இருந்தால், அதை மேலும் பிரிக்காமல், அடுப்புக்கும் வெயிலுக்கும் தள்ளிக் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

இப்படிப்பட்ட பிரதிகள் ஏன் இருந்தன என்பது உங்கள் தலைமுறைக்கு வியப்பாக இருக்கலாம். வீடியோ கேசட் வருவதற்கு முன் ஒரு படத்தை வீட்டில் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஃபிலிமாக வாங்குவது ஒன்றே வழி. அமெரிக்காவில் காசில் ஃபிலிம்ஸ் 1937 முதல் செய்திச் சுருள்களையும் கார்ட்டூன்களையும் கடைகளில் விற்றது. அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரிலிருந்த பிளாக்ஹாக் ஃபிலிம்ஸ் மௌனப் படங்களையும் லாரல், ஹார்டி நகைச்சுவைகளையும் தபாலில் அனுப்பியது. இங்கிலாந்தின் டட்லியிலிருந்த டெரான் 2011இல் மூடப்படும் வரை இந்தத் தொழிலைத் தொடர்ந்தது. முழுநீளப் படத்தின் பிரதி விலை அதிகம் என்பதால் இரண்டு மணி நேரப் படத்தை 200 அடிக்குள் வெட்டிச் சுருக்கி விற்பார்கள். சூப்பர் 8இல் ஓர் அடிக்கு 72 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஓட்டினால் 200 அடி சரியாகப் பத்து நிமிடம், 400 அடி இருபது நிமிடம். எந்தக் காட்சியை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானித்த அந்தப் பெயர் தெரியாத எடிட்டர்களின் வேலையைப் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும். ஃபிலிமை மிச்சம் பிடிப்பதில் பாத்தேக்காரர்கள் ஒரு படி மேல். மௌனப் படத்தின் எழுத்து அட்டையை நூறு ஃபிரேம்களுக்கு அச்சிடாமல் ஓரிரு ஃபிரேம் மட்டும் அச்சிட்டு, சுருளின் ஓரத்தில் ஒரு வெட்டு வைத்தார்கள். அந்த வெட்டு வந்ததும் புரொஜெக்டர் தானாக நின்று, படிக்க நேரம் கொடுத்துவிட்டு, மறுபடி ஓடும்.

உங்கள் பெட்டிக்கு வருவோம். 8 மி.மீ. அகலத்தில் இரண்டு வகை உண்டு, ஒன்றுக்கென அமைந்த இயந்திரத்தில் மற்றதை ஓட்டினால் படம் கிழியும். பழைய ஸ்டாண்டர்ட் 8இல் ஓரத் துளை பெரிதாக, இரண்டு ஃபிரேம்களுக்கு இடைக்கோட்டில் இருக்கும். சூப்பர் 8இல் துளை சிறிதாக, ஃபிரேமின் நடுவுக்கு நேராக இருக்கும். துளையைச் சிறிதாக்கி மிச்சப்பட்ட இடத்தில்தான் படத்தை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாக்கினார்கள். ஸ்பூலின் நடு ஓட்டையும் சூப்பர் 8இல் பெரிது. ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடு ஓடினால் அது காந்த ஒலிப்பட்டை. அடுத்து, அடித்தளம் எது என்று பாருங்கள். சுற்றிய சுருளைப் பக்கவாட்டில் திருப்பி விளக்குக்கு நேரே பிடித்தால், பாலியெஸ்டர் சுருளின் அடுக்குகள் வழியே வெளிச்சம் கசியும். அசிடேட் சுருள் இருட்டாகவே தெரியும். காடி வாடையை உண்டாக்கும் சிதைவு, அதாவது காடி நோய், பாலியெஸ்டருக்கு வராது. அப்படித் தெரிபவற்றைத் தனியே வைத்துவிட்டு அசிடேட் சுருள்கள் மேல் கவனத்தை வையுங்கள். சேகரிப்பாளர்கள் இதோடு கோடாக் ஃபிலிமின் ஓரத்திலுள்ள வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகளைப் பார்த்து ஆண்டைக் கணிப்பதுண்டு. அந்தக் குறிகள் இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருபவை. அவை காட்டுவது வெற்று ஃபிலிம் தயாரான ஆண்டை மட்டுமே. மூல நெகட்டிவின் குறியும் சில சமயம் பிரதியில் சேர்ந்து அச்சாகியிருக்கும். எனவே அதை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாமே தவிரச் சான்றாகக் கொள்ளக்கூடாது.

இனி நாற்றம். அசிடேட் என்பது செல்லுலோஸோடு அசிடிக் அமிலக் கூறுகளைப் பிணைத்துச் செய்த பிளாஸ்டிக். வெப்பமும் ஈரமும் அந்தப் பிணைப்பை அறுக்கும்போது அமிலம் வெளிவருகிறது. காடியின் அமிலமும் அதுவே என்பதால்தான் அந்த வாடை. வெளிவந்த அமிலம் மேலும் பிணைப்புகளை அறுக்கும். ஆகவே நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் ராச்செஸ்டரிலுள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் பல ஆண்டு சோதனைகளுக்குப் பின் தந்த கணக்குப்படி, 21 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் வைத்த புது அசிடேட் ஃபிலிமில் இந்த நோய் தலைகாட்டச் சுமார் 40 ஆண்டு ஆகும். திருச்சிக் கோடையில் ஓட்டுக்கடியிலுள்ள பரண் எத்தனை டிகிரி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் 43இல் சில சுருள்களில் வாடை வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை. மற்றவை தப்பியிருப்பதுதான் ஆச்சரியம்.

மூக்கு நல்ல கருவி, ஆனால் பழகிவிடும் கருவி. ஐந்தாவது டப்பாவைத் திறக்கும்போது நான்காவதன் வாடையே மூக்கில் இருக்கும். அதே நிறுவனம் விற்கும் ஏ-டி ஸ்ட்ரிப் என்ற சிறு காகிதப் பட்டையைச் சுருளோடு மூடி ஒரு நாள் வைத்தால், நீலத்திலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் நிறம் மாறி 0 முதல் 3 வரை அளவு காட்டும். 1.5க்குக் கீழே இருந்தால் குளிரில் வைத்தால் நெடுங்காலம் தாங்கும். அதைத் தாண்டினால் அழிவு வேகமெடுத்துவிட்டது என்று பொருள். 2ஐத் தாண்டியதை உடனே நகலெடுக்க வேண்டும். 3 என்றால் சுருங்கி, வளைந்து, உடையத் தொடங்கியிருக்கும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்த நோய்க்கு மருந்து கிடையாது. வெளியேறிய அமிலத்தை மீண்டும் பிணைக்கும் திரவம் எதுவும் இல்லை. இயலுவது வேகத்தைக் குறைப்பது மட்டுமே.

நாறும் சுருள் பக்கத்திலுள்ள நல்ல சுருளுக்கும் நோயைத் தொற்றவைக்குமா என்று எப்போதும் கேட்பார்கள். மூடிய இடத்தில் அமில ஆவியை மற்ற சுருள்கள் உறிஞ்சும் என்பதும், உறிஞ்சிய அமிலம் சிதைவைத் தூண்டும் என்பதும் உறுதி. நானே ஒரு முறை, தெரிந்தே, சோம்பலால், வாடை வந்த இரண்டு சுருள்களை இரும்பு பீரோவில் மற்றவற்றோடு வைத்துப் பூட்டிவிட்டேன். நான்கு ஆண்டு கழித்துத் திறந்தபோது பதினோரு சுருள்கள் நாறின. ஆனால் அந்தப் பதினொன்றும் ஒரே அறையின் அதே வெப்பத்தில் அதே ஆண்டுகள் கிடந்தவை. தொற்றினால் எத்தனை கெட்டன, அறைச் சூட்டினால் எத்தனை கெட்டன என்று என்னால் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாவிட்டாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நாறுபவற்றை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள். காந்த ஒலிப்பட்டையிலுள்ள இரும்புத் துகள் சிதைவை விரைவுபடுத்துகிறது என்பதும் இதே போன்றது. முழு அகலத்துக்கும் காந்தப் பூச்சுள்ள 16, 35 மி.மீ. ஒலிச்சுருள்கள் முந்திக்கொண்டு காடியாகின்றன என்பது காப்பகங்கள் கண்ட உண்மை. சூப்பர் 8இன் மெல்லிய கோடும் அதே அளவுக்குச் செய்கிறது என்று சொல்ல என் சேகரிப்பு போதாது. கற்பூரத்தை டப்பாவில் போட்டு வைக்கும் பழைய பழக்கம் இங்கிலாந்துச் சேகரிப்பாளர்களிடம் உண்டு. விறைத்த சுருள் சற்று இளகுவதை நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் அமிலம் குறைந்ததாகப் பார்த்ததில்லை. அந்துருண்டை போடவே வேண்டாம்.

சிவப்பு வேறு கதை. வண்ணப் பிரதியில் மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சியான் (நீலப்பச்சை) என மூன்று சாய அடுக்குகள் இருக்கின்றன. 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை வந்த பெரும்பாலான, கோடாக்கின் ஈஸ்ட்மன் வகைப் பிரதிகளில் சியான் சாயம் இருட்டில் பெட்டிக்குள் கிடந்தே மங்கிவிடும், மஞ்சளும் ஓரளவு போகும். மிஞ்சுவது மெஜந்தா, அதனால்தான் எல்லாம் சிவப்பு. சாயம் போவதும் காடி வாடையும் ஒரே வெப்பத்தின் பிள்ளைகள், ஆனாலும் வெவ்வேறு நோய்கள். சிவந்த சுருளின் அடித்தளம் திடமாக இருக்கலாம். நிறம் மாறாத சுருள் காடியாகியிருக்கலாம். 1982க்குப் பின் கோடாக் கொண்டுவந்த குறைவாக மங்கும் பிரதி ஃபிலிமின் ஓரத்தில் எல்பிபி (LPP) என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவற்றில் நிறம் நன்றாகவே நிற்கிறது. டெக்னிகலர் நிறுவனம் சாயத்தை அச்சுப்போல் மாற்றிப் பதித்த பிரதிகளோ எழுபது ஆண்டு கழித்தும் நேற்றுச் செய்தவை போல் இருக்கும். அமெரிக்காவில் அந்த முறை 1970களின் நடுவில் நின்றது. 16 மி.மீ. பிரதியில் அதை அடையாளம் காண, ஓரத்தில் படம் போலவே அச்சாகியிருக்கும் ஒளி ஒலிப்பட்டையைப் பாருங்கள்: படத்தோடு சேர்ந்து சிவக்காமல் சாம்பல் கலந்த கறுப்பாக நின்றால் நம்பிக்கை கொள்ளலாம். கறுப்பு வெள்ளைப் பிரதியில் படம் வெள்ளித் துகளால் ஆனது, மங்கும் பேச்சு இல்லை. அதன் ஆயுள் அடித்தளத்தின் ஆயுள்தான்.

சேமிப்பைப் பற்றித்தான் நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிது. சுருளைத் துடைப்பதற்கும் திரவம் பூசுவதற்கும் செலவழிக்கும் காசையும் நேரத்தையும் குளிர்ச்சிக்குச் செலவழியுங்கள் என்பதே முப்பது ஆண்டில் நான் கற்றதன் சாரம். தோராயமாக ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரி குறைவுக்கும் ஆயுள் இரட்டிக்கிறது. வண்ண அசிடேட்டுக்கு உலகத் தர அமைப்பு கூறும் நெடுங்காலச் சேமிப்பு 20 முதல் 30 சதவீத ஈரப்பதத்தில் 2 டிகிரிக்கு மேற்படாத குளிர். அதை நம் வீட்டில் நிலையாகத் தர முடியாது, ஆனால் அருகே போக முடியும். இரவில் மட்டும் ஓடும் ஏசி அறை போதுமா என்பார்கள். பகலில் சூடேறி இரவில் குளிர்ந்து, ஈரமும் ஏறி இறங்கினால், படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு விரிந்து சுருங்கி அடித்தளத்தோடு மல்லுக்கட்டும். அதைவிட வீட்டின் உள்ளறையில், தரைத்தளத்தில், வெளிச்சுவரைத் தொடாத மர அலமாரியில் நிலையான வெப்பத்தில் இருப்பது மேல் என்பது என் கருத்து. மேலான வழி, பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குவது. முதலில் மழையில்லாத நாளில், ஏசி ஓடும் அறையில் சுருள்களைத் திறந்து இரண்டு மூன்று நாள் வைத்து ஈரம் வற்ற விடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் காற்றைப் பிதுக்கி ஜிப் உறையில் மூடி, அதை இன்னோர் உறையில் போட்டு, இரண்டுக்கும் நடுவே சிலிகா ஜெல்லும் ஈரம் காட்டும் அட்டையும் வையுங்கள். அட்டையின் நிறம் மாறினால் சிலிகாவை மாற்றுங்கள். வெளியே எடுக்கும்போது உறையைத் திறக்காமல் ஒரு முழு நாள் அறையில் வைத்து அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும்; குளிர்ந்த சுருளை உடனே திறந்தால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலைப் போல வியர்த்துவிடும், அந்த ஈரம் படத்தில் இறங்கும். மின்வெட்டைப் பற்றி அஞ்ச வேண்டாம். இரட்டை உறைக்குள் இருப்பது மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்ந்தால் கெடுதல் இல்லை. ஃபிரிட்ஜ் இயலாதென்றால் நாறாத சுருள்களைத் துருப்பிடிக்காத, காற்றுப் புகும் பிளாஸ்டிக் டப்பாக்களில் வையுங்கள். உறையில் இறுக மூடுவது குளிருக்கு மட்டுமே பொருந்தும். அறை வெப்பத்தில் மூடினால் அமிலம் உள்ளேயே அடைபட்டு வேலையை விரைவுபடுத்தும்.

பூஞ்சை இருந்தால் மட்டும் துடைப்பதற்கு முந்தித் தயங்குங்கள். வெள்ளைப் பொடி போல, சிலந்தி வலை போலப் படர்ந்திருப்பது ஜெலட்டினைத் தின்று அதைக் கரையும் பசையாக்கியிருக்கும். ஈரத்துணி பட்டால் துணியோடு படமே வந்துவிடும். முகமூடி அணிந்து, வெளி வராந்தாவில் மென்தூரிகையால் உலர்ந்தபடியே நீக்கலாம். மற்றபடி தூசுக்கு, நூல் உதிராத துணியில் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் போதும். ஒலிப்பட்டை உள்ள சுருளில் முதலில் படம் தொடங்குவதற்கு முன்னுள்ள வெற்றுப் பகுதியில் தொட்டுப் பார்த்து, செம்பழுப்பு துணியில் இறங்கவில்லை என்று உறுதியான பிறகே தொடருங்கள். பழைய கையேடுகளில் கார்பன் டெட்ராகுளோரைடு என்று படித்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள். அது கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு.

ஓட்டிப் பார்க்கலாமா? உடனே வேண்டாம். அசிடேட் காலப்போக்கில் சுருங்கும், சுருங்கியதைப் புரொஜெக்டரின் பல்சக்கரம் கிழிக்கும். இதை அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு மேசையில் ஸ்கேல் ஒட்டி, நூறு ஃபிரேம்களை இழுக்காமல் விரித்து அளந்து பாருங்கள்: புதிதாக இருந்தபோது ஸ்டாண்டர்ட் 8 என்றால் 381 மில்லிமீட்டர், சூப்பர் 8 என்றால் 423, 16 மி.மீ. என்றால் 762 இருந்திருக்க வேண்டும். ஒரு சதவீதம் குறைந்திருந்தால், அதாவது 16 மி.மீ. சுருளில் ஏழு எட்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தால், அதை இயந்திரத்தில் போடாதீர்கள். அளவில் தேறிய சுருளையும் முதலில் கையால் சுற்றும் ரீவைண்டரில், ஓரத்தை மெல்ல விரலிடுக்கில் உணர்ந்தபடி முழுவதும் ஓட்டிப் பாருங்கள். கிழிந்த துளையும் பிரிந்த ஜாயின்ட்டும் கையில் தட்டுப்படும். அரை நூற்றாண்டுக்கு முன் ஃபிலிம் சிமென்ட் என்ற பசையால் போட்ட ஜாயின்ட் காய்ந்து விடுபடுவது வழக்கம். அசிடேட்டில் டேப்பாலோ புதிய சிமென்ட்டாலோ ஒட்டலாம், பாலியெஸ்டரில் சிமென்ட் பிடிக்காது.

புரொஜெக்டரையும் நம்பிவிடாதீர்கள். இருபது ஆண்டு சும்மா இருந்த இயந்திரத்தில் கிரீஸ் மெழுகாகியிருக்கும், ரப்பர் பெல்ட் ஒட்டும் பாகாக உருகியிருக்கும். சில தயாரிப்புகளில் பிளாஸ்டிக் பல்சக்கரம் வயதானால் தானாகவே விரிசல் விடும். பெல் அண்ட் ஹோவெல் 16 மி.மீ. இயந்திரங்களின் வெள்ளைப் பல்சக்கரம் அதில் பேர்பெற்றது. என்னிடம் வந்த இயந்திரங்களில் பாதி, "ஒரு தடவை போட்டுப் பார்த்தோம், சத்தம் வந்தது" என்ற விளக்கத்தோடு வந்தவை. வீட்டில் விரும்பும் சுருளை முதலில் போடாமல், எவருக்கும் வேண்டாத ஒரு கார்ட்டூன் துண்டை ஓட்டிச் சோதியுங்கள். பாலியெஸ்டர் சுருள் சிக்கினால் அறுபடாது, இயந்திரம்தான் உடையும். கையைச் சுவிட்சிலேயே வைத்திருங்கள்.

டிஜிட்டலாக்குவது நல்லது, ஆனால் தூக்கிப்போடும் உரிமையை அது தராது. வீட்டுக்கு விற்கும் மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் ஒலிப்பட்டையைப் படிக்காமல் படத்தை மட்டும் அழுத்தி (கம்ப்ரெஸ் செய்து) சேமிக்கின்றன. நினைவுக்கு அது போதும், காப்பதற்குப் போதாது. நல்ல சேவையில் ஃபிரேம் ஃபிரேமாக, அழுத்தாத கோப்பாக எடுத்தால் சிவந்த படத்திலும் நிறத்தில் ஓரளவு மீளும். மீள்வது எஞ்சிய சாயத்தில் இருக்கும் தகவல் மட்டுமே. போன சியானை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துக் கொண்டுவராது, ஊகித்து இடும். எடுப்பவரிடம் சுருளைப் பல்சக்கரத்தில் இழுக்காத இயந்திரமா என்று கேளுங்கள். சுருங்கிய சுருளுக்கு அது ஒன்றுதான் பொருந்தும்.

விலை பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்ற பத்து நிமிடச் சுருக்கங்கள் ஆயிரக்கணக்கில் அச்சானவை; அவற்றுக்கு விலை ஆர்வலரின் ஆசையளவே, சிவந்தும் நாறியும் இருந்தால் அதுவும் இல்லை. முழுநீளப் படம், நிறம் நின்ற பிரதி, கெடாத அட்டைப் பெட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் நல்ல பேச்சு. ஆனால் குறுகிய அகலம் என்று எதையும் இகழாதீர்கள்: ஜெர்மனியில் 1927இல் வெளியான மெட்ரோபோலிஸ் படத்தின் தொலைந்த காட்சிகளில் ஏறக்குறைய 25 நிமிடம், 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகர அருங்காட்சியகத்தில் கீறல் விழுந்த ஒரு 16 மி.மீ. நகல் நெகட்டிவில்தான் கிடைத்தது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸுக்குப் பிரதி எதுவும் எஞ்சவில்லை என்பதை நினைத்தால், உங்கள் தகர டப்பாக்களில் ஒன்றில் பழைய தமிழ்ப் படத்தின் பெயர் தெரிந்தால் விற்பதற்கு முன் புனேக்கு எழுதுங்கள் என்பேன். சட்டத்தில் ஒன்று மட்டும்: பிரதி உங்களுடையது என்பதால் படம் உங்களுடையதாகாது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதற்குட்பட்டதை வீட்டில் ஓட்டிப் பார்ப்பது வேறு, கட்டணம் வாங்கித் திரையிடுவதும் இணையத்தில் ஏற்றுவதும் வேறு. அமெரிக்காவில் 1974இல் ராடி மக்டொவல் என்ற நடிகரின் வீட்டிலிருந்தே மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பிரதிகளைப் பறிமுதல் செய்தது. அந்தக் காலச் சேகரிப்பாளர்கள் தங்கள் பெட்டிகளைப் பற்றி வாய் திறக்காததற்கு அத்தகைய சோதனைகளே காரணம்.

உங்கள் 43இல் நான் முதலில் கைவைப்பது அந்த மஞ்சள் பெட்டிகளில்தான். கடைப் பிரதி உங்களிடம் அழிந்தால் வேறு எங்கோ இன்னொன்று இருக்கும். உங்கள் பெரியப்பா எடுத்த சுருளோ கேமராவுக்குள் ஓடிய அதே ஃபிலிம். நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது, இரண்டாம் பிரதியும் கிடையாது. பெட்டியில் கோடாக்ரோம் (கோடாக்கின் ஒரு வண்ண ஃபிலிம்) என்று இருந்தால், இருட்டில் வைத்த அந்தச் சாயம் மற்ற எதையும்விட நன்றாக நிற்கும். எனவே சிவந்துபோன சினிமாக்களுக்குப் பக்கத்தில் 1960களின் பர்மிங்ஹாம் தெருவோ திருச்சி மலைக்கோட்டையோ அன்றைய நிறத்திலேயே இருக்க வாய்ப்பு உண்டு. ஸ்கேனுக்கும் குளிருக்கும் முதல் இடம் அவற்றுக்கே கொடுங்கள். அதற்கு முன் பெட்டியின் மூடியில் உள்ள கையெழுத்தை, ஒவ்வொரு பெட்டியையும் அதற்குள்ளிருந்த சுருளோடு சேர்த்து, போனிலேயே படம் எடுத்து வையுங்கள். வேறு டப்பாவுக்கு மாற்றும்போது முதலில் தொலைவது அந்தக் குறிப்புதான். அதிலுள்ள ஊர்களையும் முகங்களையும் சொல்லக்கூடிய பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இன்னும் இருந்தால், ஸ்கேன் முடியக் காத்திருக்காமல், ஒரு பூதக்கண்ணாடியும் சன்னல் வெளிச்சமும் வைத்துக்கொண்டு முதல் சில ஃபிரேம்களை இந்த வாரமே அவர்களிடம் காட்டுங்கள்.